டி'சில்வாவின் கணக்கு

மாமாவுக்குத் திருகோணமலை பிரதான வீதியில் கடை. வலை, நைலோன் கயிறு, இஞ்சின் ஒயில், மற்றும் அரைவாசி ஊரின் கடன். அந்தக் கடன் கொப்பியை மரியாடிபி என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றிக் கொடுத்தவன் நான். அதற்கு முகப்புத் திரை எதுவும் செய்யவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் பார்ப்பேன். சோம்பல்தான் காரணம்.

சனிக்கிழமை மாமா கூப்பிட்டார். "தம்பி, பாலையூற்று டி'சில்வா வந்து நிக்கிறார். அவற்ற கணக்கைப் பார்."

தேடும் கட்டளையை, யாருடைய வரி வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியில், வேர் பெயர் = 'டி'சில்வா'; என்று முடித்து என்டர் தட்டினேன். பதில் இல்லை. அடுத்த வரியில் '> என்று மட்டும் வந்தது. இன்னொரு என்டர். மறுபடி '>.

"என்னடா, பெட்டி நித்திரையோ?"

நித்திரை இல்லை. பெயருக்கு நடுவில் இருந்த குறியிலேயே மேற்கோள் மூடிவிட்டது; கடைசிக் குறி புதிதாக ஒன்றைத் திறந்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த அரைப்புள்ளியும் எழுத்தோடு எழுத்தாகப் போய்விட்டது. வெறும் -> வந்திருந்தால் அரைப்புள்ளிக்குக் காத்திருக்கிறது என்று பொருள், அதைப் போட்டால் ஓடும். '> வந்தால் மூடும் மேற்கோளைக் கேட்கிறது. "> என்றால் இரட்டை மேற்கோள், /*> என்றால் மூடாத குறிப்புரை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கடன்காரர் எதிரே நிற்கும்போது மூளை வேலை செய்யாது. கட்டளையைக் கைவிடுவதற்கான பின்சாய்கோடு-சி அடித்தேன். மேற்கோளுக்குள் அதுவும் வெறும் எழுத்துதான். எக்சிட் அடித்தேன், அதையும் விழுங்கிவிட்டது. கடைசியில் ஒரு ஒற்றை மேற்கோளைப் போட்டு மூடி, அதன் பின்னால் பின்சாய்கோடு-சி. பழைய வரவேற்புக் குறி திரும்பி வந்தது.

இந்த முறை நடுக்குறியை இரண்டு தரம் அடித்தேன்; அப்போதுதான் அது பெயரின் பகுதி, மூடும் மேற்கோள் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரி வந்தது: 4,750 ரூபாய்.

டி'சில்வாவின் முகம் மலர்ந்தது. மாமாவின் முகம் கறுத்தது. "பிழை. கொப்பியில 17,050."

சரி, நடுக்குறியே வேண்டாம் என்று, சமக்குறிக்குப் பதிலாக லைக் (LIKE) என்ற ஒப்பீட்டுச் சொல்லைப் போட்டு, அந்த இடத்தில் ஓர் அடிக்கோடு வைத்தேன். அது எந்த ஒரு எழுத்துக்கும் பொருந்தும். இரண்டு வரிகள்! ஒன்றில் நேர்க்குறி, மற்றதில் ’ என்று வளைந்த குறி. என் கைபேசியில் அடித்து ஒட்டியது அது. அதில் 12,300.

இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்க அப்டேட் என்ற திருத்தக் கட்டளை வேண்டும். வேர் பகுதியை மறந்து அரைப்புள்ளி போட்டால் ஊர்க் கடன் முழுவதும் டி'சில்வா தலையில் ஏறிவிடும். ஆகவே வெளியே வந்து, சேஃப்-அப்டேட்ஸ் தெரிவோடு திரும்ப உள்ளே போனேன். வேர் பகுதியில் சாவி நிரலோ (வரிகளைத் தேடிப் பிடிக்க உதவும் நிரல்), லிமிட்டோ (வரி எண்ணிக்கைக்கு வரம்பு) இல்லாத அப்டேட்டை அது மறுத்துவிடும். அதற்கு "ஐ-ஆம்-எ-டமி", அதாவது 'நான் ஒரு மண்டு', என்று இன்னொரு பெயரும் உண்டு. விளையாட்டில்லை, உண்மையாகவே உண்டு. அன்றைக்கு அந்தப் பெயரைத்தான் அடித்தேன்.

டி'சில்வா 5,000 கட்டிவிட்டுப் போனார். மாமா அதைக் கொப்பியில் எழுதினார், பேனையால்.