மேய்ச்சல் புல்லுக்கு யூரியா: எவ்வளவு, எப்போது

எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை என்பதை மாடுகளே காட்டிக்கொடுத்தன. தழைச்சத்துள்ள மூத்திரம் விழுந்த இடங்களில் புல் கரும்பச்சையாகத் திட்டுத்திட்டாக ஓங்கி நின்றது. சுற்றிலும் வெளிறிக் கிடந்தது. ஆனாலும் மண்ணைப் பரிசோதித்த பிறகே மூட்டையைப் பிரித்தேன். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) குறைந்த மண்ணில் யூரியா மட்டும் போட்டுப் பெரிய பலன் இராது.

ஒரு தவணைக்கு எக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொண்டேன். யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்து. ஆக ஏறக்குறைய 109 கிலோ யூரியா, ஏக்கருக்கு 44 கிலோ. பருவம் முழுவதற்கும் உரியதை ஒரே தடவையில் கொட்டச் சொன்னவர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. அப்படிப் போட்டால் புல் ஒரேயடியாகக் கிளம்பி, மாடுகள் தின்று முடிப்பதற்குள் முற்றி நார் பாய்ந்துவிடும். வேர் எடுத்தது போக மிஞ்சியது மழைநீரோடு கீழே இறங்கிவிடும்.

நேரம் பார்ப்பதுதான் இதில் உண்மையான வேலை. மாடுகளை அடுத்த பகுதிக்கு மாற்றிய பின் சில நாள் விட்டு, மேய்ந்த தூரில் புதுக் குருத்து தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். குருத்து வந்திருந்து, மழையும் வரும்போல் இருந்தால் தூவுவேன். மண் மேலேயே கிடக்கும் யூரியாவை, மண்ணிலும் காய்ந்த சருகிலும் உள்ள யூரியேஸ் என்ற நொதி அமோனியாவாக மாற்றிவிடும். வெப்பமும் ஈரப்பசையும் இருந்து மழை மட்டும் இல்லையென்றால் அது காற்றோடு போய்விடும். 10 முதல் 15 மில்லிமீட்டர் மழை ஓரிரு நாளில் பெய்தால் உரம் மண்ணுக்குள் பத்திரமாக இறங்கும். சரிவான நிலத்தில் கொட்டும் மழைக்கு முன் தூவவே கூடாது.

இலையில் பனி காய்ந்த பிறகே தூவினேன்; ஈர இலையில் குருணை ஒட்டினால் கருகும். பாதி உரத்தை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்காகவும் போட்டதால் புல் வரிவரியாக வராமல் ஒரே சீராக எழுந்தது. நடுவே ஒரு பட்டையை மட்டும் உரமில்லாமல் விட்டிருந்தேன். அந்த எல்லைக்கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது.

பயறுவகைச் செடிகள் மூன்றில் ஒரு பங்கு இருந்த பகுதிக்கு யூரியா காட்டவில்லை. அவை தாமே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உரம் போட்டால் புல் ஓங்கி அவற்றை அமுக்கிவிடும்.

உரமிட்ட பின் வறட்சி வந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. வளர்ச்சி நின்ற புல்லில், வேர் உறிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட் வடிவிலேயே தேங்கும். அது மாட்டின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் செய்து உயிரையே பறிக்கும். அப்படி வாடிய பகுதியில், புல்லைப் பரிசோதித்து முடிவு தெரியும்வரை மாடுகளை இறக்கவில்லை.