காலை 5.20

டிசம்பர் 19

கூளன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 24 டிகிரி. ஸ்டார்ட் ஆன சில நொடிகளிலேயே டர்போ போட்ட என் கார் நடுங்கத் தொடங்கியது. ஆர்பிஎம் முள் 700க்கும் 1,100க்கும் இடையே ஊசலாடிவிட்டு, கூளன்ட் 40 டிகிரியைத் தொட்டதும் ஒன்றுமே நடவாதது போல் 900இல் நின்றது. முழுக்கக் குளிர்ந்த என்ஜின் நாளொன்றுக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது. இனி நாளைக் காலைதான்.

டிசம்பர் 20

பிளக் இடைவெளி 0.7 மி.மீ.; டர்போவுக்கு அது சரிதான். நான்கின் பீங்கானும் ஒரே வெளிர் பழுப்பு. பிளக்குகளில் குறையில்லை.

டிசம்பர் 22

"டர்போ போட்ட வண்டி, தம்பி. காலையில கொஞ்சம் இருமத்தான் செய்யும்" என்றார் மெக்கானிக் அண்ணன். அவர் கைத்திறனை மதிக்கிறேன். இந்தப் பதிலை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. எங்காவது காற்று கசிகிறதா என்று, இன்டேக் குழாயை அடைத்துப் புகை செலுத்திப் பார்த்தோம். என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி வால்வுக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையில் நூலிழை போலப் புகை எழுந்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் புதுக் குழாய் வாங்கி மாட்டியாயிற்று.

டிசம்பர் 23

அதே நடுக்கம்.

டிசம்பர் 24

நேற்றே யோசித்திருக்க வேண்டும். இந்த வண்டியில் காற்றை அளக்கும் சென்சார் கிடையாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துத்தான் ஈசியூ, அதாவது என்ஜினின் கணினி, பெட்ரோலைக் கணக்கிடுகிறது. கசிவு வழியே புகும் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால், ஆர்பிஎம் ஏறுமே தவிர கலவை அவ்வளவாக மெலியாது. ஆனால் கலவையை அளக்கும் லாம்டா மீட்டர் இன்று 1.12 காட்டியது; 1க்கு மேல் போனால் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தாலும் எரியாத ஆக்சிஜன் வெளியேறி மீட்டரை ஏமாற்றும் என்பதால், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். நான்கிலும் ஆர்பிஎம் ஒரே அளவு இறங்கியது. குறை ஒரு சிலிண்டரில் இல்லை. நான்குக்கும் பெட்ரோல் போதவில்லை.

அப்பா போனில் வண்டியைப் பற்றி மட்டும் கேட்டார்.

டிசம்பர் 26

கூளன்ட் சென்சாரின் மேல் சந்தேகம். இரவு முழுதும் ஆறிய நிலையில் 2.1 கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம். இருக்க வேண்டிய அளவுகள்தான். அது பொய் சொல்லவில்லை.

டிசம்பர் 27

உறக்கம் வராமல் லேப்டாப்பில் மேப்பை, அதாவது எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியூவுக்குச் சொல்லும் அட்டவணையை, திறந்தேன். குளிர்நிலையில் கூடுதல் பெட்ரோல் தரும் வளைகோடு 40 டிகிரிக்கு மேல் அழகாக இறங்குகிறது. 40க்குக் கீழே தட்டையாக ஒரே எண், 8 சதவீதம். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: இந்த எண்களை அமைத்த ட்யூனிங் நடந்தது மே மாதம், தகரக் கூரை ஷெட்டில், நண்பகலில். அன்று என்ஜின் 40க்குக் கீழே இறங்கவே இல்லை. மார்கழி விடியலை இந்த மேப் கண்டதே கிடையாது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலும் கலந்திருக்கிறது. குளிரில் அது எளிதில் ஆவியாகாது என்பதால் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

டிசம்பர் 28

மேப்பின் 20 டிகிரிக் கட்டத்தில் 8ஐ 16 சதவீதமாக ஏற்றினேன். லாம்டா 1.04. ஊசலாட்டம் பாதியாகக் குறைந்தது. இன்னும் ஏற்றிப் பார்க்க வேண்டும், ஆனால் இன்றைய வாய்ப்பு முடிந்துவிட்டது.

டிசம்பர் 29

22 சதவீதம். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியிருந்தது. எதிர்வீட்டு அம்மா கோலமிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முள் 1,200இல் நின்றது, லாம்டா 0.96. டாஷ்போர்டில் வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் அலையவில்லை.

டிசம்பர் 30

30 டிகிரிக் கட்டம் இன்னும் பழைய 8இலேயே இருக்கிறது. சூடேறும்போது அந்த இடத்தில் ஒரு சிறு தடுமாற்றம் கேட்டது. நாளை 5.20க்கு.