விபத்து நடந்த இடத்தைக் கண்டுபிடித்தல்: ஒரு மாநில நெடுஞ்சாலைப் பணியின் அனுபவம்

ஒரு மாநில நெடுஞ்சாலையில் எந்தெந்த இடங்களில் முதலில் பாதுகாப்புப் பணிகள் செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தரும் பொறுப்பு, நான் வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனத்தின் வழியாக என்னிடம் வந்தது. 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமாக 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. 17,884 பேர் உயிரிழந்தனர். பாதுகாப்புப் பணிகளுக்கென்று ஒதுக்கப்படும் தொகையோ ஒரு கோட்டத்தில் சில இடங்களுக்கு மட்டுமே போதும். எந்தச் சில இடங்கள் என்ற கேள்விக்கு மென்பொருள் எந்த அளவுக்கு விடை தருகிறது, எங்கே நாமே இறங்கித் தேட வேண்டியிருக்கிறது என்பதை, இதே வேலையில் இறங்கும் பொறியாளர்களுக்காக எழுதுகிறேன்.

அடிப்படைத் தரவு ஐராட் என்ற ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்திலிருந்து கிடைத்தது. சென்னை ஐஐடி உருவாக்கி, தேசியத் தகவலியல் மையம் செயல்படுத்தும் இந்தத் தளம் முதலில் தொடங்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவல்துறையினர் கைப்பேசிச் செயலியில் விபத்தைப் பதிவு செய்தால், அதே பதிவில் வாகனத்தைப் பற்றிப் போக்குவரத்துத் துறையும், சாலையைப் பற்றி நெடுஞ்சாலைத் துறையும், காயமடைந்தவர்களைப் பற்றி மருத்துவமனையும் தகவல்களைச் சேர்க்க முடியும். எஃப்.ஐ.ஆர். நகல்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய முன்னேற்றம். செயலி அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தானாகவே எடுத்துக்கொள்வதால், இடம் குறித்த சந்தேகமே எழாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளின் பதிவுகளைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றி, அடர்த்தி வரைபடம் ஒன்றை உருவாக்கினேன். விபத்துகள் மிக அதிகமாகக் குவிந்த இடத்தைக் காட்டும் அடர்ந்த சிவப்பு நிறம் சாலையில் விழவில்லை. சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு காவல் நிலைய வளாகத்தின் மேல் விழுந்திருந்தது. அங்கே எந்த விபத்தும் நடக்கவில்லை. காயமடைந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பி, போக்குவரத்தைச் சீர்செய்து, நிலையத்துக்குத் திரும்பிய பிறகு பதிவு செய்யப்பட்ட விபத்துகள் எல்லாம் நிலையத்தின் இருப்பிடத்தையே ஏற்றிருந்தன. நடுரோட்டில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது கைப்பேசியில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆனால் இந்தப் புள்ளிகளைத் திருத்தாமல் அடுத்த படிக்குப் போனால், பணிகளின் வரிசை முழுவதும் பொய்யாகிவிடும்.

திருத்துவதற்கு எஃப்.ஐ.ஆர். வாசகமே துணை. "பாலம் அருகே", "மில்லுக்கு எதிரே", "வளைவில்" என்றுதான் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். நம் சாலைகளில் 200 மீட்டருக்கு ஒரு கல் நடப்பட்டிருப்பதால், 43/6 என்றால் 43 கிலோமீட்டர் 600 மீட்டர் என்று எந்தச் சாலைப் பணியாளரும் சொல்லிவிடுவார்; ஆனால் எஃப்.ஐ.ஆரில் அந்த எண் அரிதாகவே வருகிறது. ஆகவே சந்தேகமான பதிவுகளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் நீண்ட காலம் பணியாற்றிய தலைமைக் காவலர் ஒருவருடன் சாலையில் நடந்தேன். பதிவில் இருந்த பாலத்தை நான் ஆற்றுப்பாலம் என்று சுட்டியபோது அவர் உடனே மறுத்தார். "அந்தப் பெரிய பாலம் இல்ல சார். இந்தப் பக்கம் வாங்க, வாய்க்கால் மேல ஒரு சின்னக் கல்வெர்ட்டு இருக்கு பாருங்க, இதைத்தான் எழுதியிருக்கோம். அந்த மில்லு ரோட்டுல இருந்து ஏறி வர்ற வண்டிங்கதான் இங்க அடிபடும்." அந்த ஒரு பேச்சில், ஆற்றுப்பாலத்தில் குவிந்திருந்த பல பதிவுகள் அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால், பட்டியலில் அதுவரை தலைகாட்டாத ஒரு முச்சந்திக்கு இடம் மாறின. இந்த வேலையை வேகப்படுத்த வழி தேடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்வேன். ஏட்டையா ஒருவர் தரும் தகவலுக்கு ஈடான தரவு எந்தத் தளத்திலும் கிடையாது.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஐராட் தரும் புள்ளிகள் டிகிரிக் கணக்கில் இருக்கும். தூரத்தை மீட்டரில் அளக்க வேண்டுமானால், உலகை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறைக்கு மாற்ற வேண்டும். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம். அந்தக் கோடு நான் பணியாற்றிய மாவட்டத்தின் குறுக்கே செல்வதால், சாலை முழுவதற்கும் ஒரே மண்டலத்தைத் தேர்ந்துகொண்டு இறுதிவரை அதிலேயே இருந்தேன். எல்லையை ஒட்டிய சிறு பகுதிக்கு அதனால் வரும் பிழை இந்த வேலைக்குப் பொருட்டல்ல. அதன்பின் ஒவ்வொரு புள்ளியையும் சாலையின் மையக்கோட்டோடு பொருத்தி, தொடக்கத்திலிருந்து அதன் தூரத்தைக் கணக்கிட்டுக்கொண்டேன்.

விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தைக் கரும்புள்ளி என்பார்கள். அதற்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளுக்காக ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள். இதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். சாலையை 0 முதல் 500 வரை, 500 முதல் 1000 வரை என்று நிலையான துண்டுகளாக வெட்டினால், துண்டின் எல்லையில் அமைந்த ஒரு சந்திப்பின் விபத்துகள் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வரையறைக்குள் வராமல் தப்பிவிடும். எனவே 500 மீட்டர் நீளச் சட்டகத்தை 100 மீட்டர் வீதம் நகர்த்தி நகர்த்தி எண்ணினேன். கல்வெர்ட் அருகிலுள்ள முச்சந்தி இந்த முறையில்தான் பட்டியலில் மேலே வந்தது.

வெறும் எண்ணிக்கையை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு இடத்தில் மூன்று ஆண்டுகள் விபத்து கூடுதலாக இருந்தால், நாம் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த மூன்று ஆண்டுகளில் அது குறைவதற்கே வாய்ப்பு அதிகம். கூடியதில் ஒரு பகுதி தற்செயலானது. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோ 2010-இல் வெளியிட்ட நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கையேடும், அதே வழியில் அமைந்த சேஃப்டி அனலிஸ்ட் மென்பொருளும் இதற்கு எம்பிரிக்கல் பேயஸ் முறையைப் பயன்படுத்துகின்றன. அதே போக்குவரத்தும் அதே அமைப்பும் கொண்ட சாலைகளில் எத்தனை விபத்துகளை எதிர்பார்க்கலாம் என்ற எண்ணையும், இங்கே உண்மையில் நடந்த எண்ணையும் எடையிட்டுச் சேர்ப்பதே அதன் சாரம். எடுத்துக்காட்டாக, எதிர்பார்ப்பு 2, நடந்தது 6, எதிர்பார்ப்புக்கான எடை 0.4 என்றால், மதிப்பீடு 4.4 ஆகும். நம் சாலைகளுக்கு ஏற்ற எதிர்பார்ப்புச் சமன்பாடு கையில் இல்லாததால், போக்குவரத்துக் கணக்கெடுப்பு விவரம் கிடைத்த அதே வகைச் சாலைகளைக் கொண்டு எளிய சமன்பாடு ஒன்றை விரிதாளிலேயே அமைத்துக்கொண்டேன். அது செம்மையானது என்று உரிமை கோரமாட்டேன்; ஆனால் ஒரே ஒரு மோசமான ஆண்டினால் மேலே வந்திருந்த இடங்களை அது கீழே இறக்கியது, அதற்காகவே அதைச் செய்தது பயனுள்ளது.

பட்டியல் கிடைத்ததும் கணினியை மூடிவிட்டுச் சாலைக்குப் போக வேண்டும். முச்சந்தியில் நடந்த விபத்துகளை வண்டிகள் வந்த திசையோடு ஒரு தாளில் வரைந்தபோது, பெரும்பாலானவை ஒரே மாதிரியாக இருந்தன: மில் சாலையிலிருந்து வலப்பக்கம் திரும்பும் இருசக்கர வாகனம், பிரதான சாலையில் நேராக வரும் வண்டி, நேரம் பொழுது சாய்ந்த பிறகு. குறுக்குச் சாலை மேட்டில் ஏறி வந்து பிரதான சாலையைத் தொடுகிறது. வலப்பக்கம் சீமைக் கருவேல மரங்களும் ஒரு விளம்பரத் தட்டியும் பார்வையை மறைக்கின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்க 120 மீட்டர் பார்வைத் தூரம் தேவை என்கிறது இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை. திரும்புபவரின் கண் உயரத்தில் நின்று நாடா பிடித்து அளந்தபோது அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அங்கே தெருவிளக்கும் இல்லை. வேகமாக ஓட்டியதே காரணம் என்று பதிவுகளில் இருந்தது. அந்த மேட்டில் நின்று பார்த்தவர் யாரும் அந்த ஒற்றைக் காரணத்தோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

தீர்வுகளைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிநாட்டுக் குறைப்பு விகிதங்களை அப்படியே எடுத்தாள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறுக்குச் சாலை வண்டிகள் மட்டும் நின்று செல்லும் சந்திப்பை ரவுண்டானாவாக மாற்றினால், உயிரிழப்பு மற்றும் காய விபத்துகள் 82 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம். அது கார்கள் நிறைந்த சாலைகளின் அனுபவம். 2022-இல் இந்தியாவில் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆகவே அத்தகைய எண்களை ஒரு தீர்வை மற்றொன்றோடு ஒப்பிட மட்டுமே பயன்படுத்தினேன்; இத்தனை உயிர்கள் காக்கப்படும் என்று அறிக்கையில் எழுதவில்லை.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில், பிரதான சாலையிலேயே வேகத்தடை போட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஊர்மக்களின் அச்சம் நியாயமானது. ஆயினும் இருட்டில், வேகமாக வரும் பாதையில் வைக்கப்படும் வேகத்தடையே இருசக்கர வாகனத்தைக் கவிழ்க்கும் என்பதை விளக்கி, குறுக்குச் சாலையில் சந்திப்புக்கு முன் வேகத்தடையும் நிறுத்தக்கோடும், பிரதான சாலையில் எச்சரிக்கைப் பலகைகளும் குறுக்குப் பட்டைக் கோடுகளும், உயர்கம்ப விளக்கு ஒன்றும், மரங்களையும் தட்டியையும் அகற்றுவதும் என்று முன்வைத்தேன். வரைபடமும் விபத்துத் தாளும் மேசைமேல் விரிந்திருந்ததால் விவாதம் விரைவில் முடிந்தது. நல்ல மென்பொருளின் பயனை நான் மிகத் தெளிவாக உணர்ந்தது அந்தக் கூட்டத்தில்தான்.

விபத்துப் பதிவே குறைவாக உள்ள பகுதிகளுக்கு சாலைகளின் பாதுகாப்பை மதிப்பிடும் ஐராப் என்ற பன்னாட்டு அமைப்பின் விடா என்ற இணையக் கருவி உதவியது. சாலையின் அமைப்பை 100 மீட்டருக்கு ஒருமுறை குறித்து ஏற்றினால், காரில் செல்பவர், இருசக்கர வாகன ஓட்டி, மிதிவண்டி ஓட்டி, பாதசாரி ஆகியோருக்குத் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர மதிப்பு தருகிறது; ஐந்துதான் மிகப் பாதுகாப்பானது.

முச்சந்தியில் மரங்களும் தட்டியும் அகற்றப்பட்டுவிட்டன, கோடுகளும் போடப்பட்டன. விளக்குக்கு மின் இணைப்பு இன்னும் வர வேண்டும். கோட்ட அலுவலகத்துக்கு நான் ஒப்படைத்த கோப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே "பணி முடிந்த நாள்" என்ற பத்தியைச் சேர்த்திருக்கிறேன். அந்தத் தேதி இல்லாமல் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. பணியே செய்யப்படாத அதே வகைச் சந்திப்புகளின் பட்டியலையும் உடன் வைத்திருக்கிறேன், ஏனெனில் மூன்று ஆண்டுகள் கழித்து அவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இங்கே குறைந்தது பணியினாலா இல்லையா என்று சொல்ல முடியும். உதவிப் பொறியாளர் அந்தப் பத்தியின் முதல் இரண்டு கட்டங்களை நிரப்பி அனுப்பியிருக்கிறார்.