கடைசி வீட்டுக் குழாய்

எங்கள் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. குடிநீர்க் குழாயும் எங்கள் வாசலோடு முடிந்துவிடும். ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கும், அடுத்து எங்கள் மகளுக்கும் வயிற்றுப்போக்கு வந்தபோதுதான் தண்ணீர் மேல் சந்தேகம் விழுந்தது. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. காலையில் குழாயைத் திறந்ததும் லேசாக ஒரு வாடை அடிக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்தே கொதிக்கவைத்துக் குடிக்கத் தொடங்கினோம். தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விட வேண்டும் என்பது தெரியும். ஆனால் முதல் இரண்டு நாள் ஆறிய தண்ணீரைப் பழைய குடத்திலேயே ஊற்றி வைத்தோம். அந்தக் குடத்தில் முந்தைய நாள் பிடித்த தண்ணீரின் ஈரம் அப்படியே இருந்திருக்கும். மருத்துவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. அப்புறம் கொதித்த பாத்திரத்திலேயே மூடி வைத்து, அதிலிருந்தே எடுத்தோம்.

புகார் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒருவர் வந்து மாதிரி எடுத்தார். அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாயை நன்றாகத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டார். குழாய் வாயைத் தீயில் காட்டினார். கிருமி நீக்கிய பாட்டிலைத் திறந்து, உள்ளே விரல் படாமல், கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்தார். பாட்டிலின் அடியில் துளி மருந்து இருந்தது. தண்ணீரில் உள்ள குளோரினை அது முறித்துவிடுமாம். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமிகளைக் கொன்று, முடிவு பொய்யாகிவிடும். அத்தனை கவனமாக எடுத்த மாதிரியில் ஒன்றுமே இல்லை என்று வந்தது. அழுக்கு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமிகள் இல்லை, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ. கோலை இல்லை.

மறுநாள் காலையும் அதே வாடை.

வழி காட்டியவர் எங்கள் பகுதிக்கு வால்வு திறக்கும் அண்ணன். "தம்பி, தண்ணி விட்ட உடனே முதல்ல வர்றதைப் பிடிச்சுப் பாருங்க. அரை மணி கழிச்சுப் பிடிச்சா நல்லாத்தான் இருக்கும்," என்றார். அவர் சொன்னது இதுதான்: குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். வால்வை மூடியதும் குழாய் காலியாகும். அப்போது வெளியே தேங்கியிருப்பது அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். யாராவது லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். மறுநாள் வால்வு திறந்ததும் அந்த அழுக்கு மொத்தமும் கடைசி வீட்டுக்குத் தள்ளப்பட்டு வருகிறது. மாதிரி எடுக்க வந்தவர் மேல் தவறில்லை. தெருக் குழாயின் பொதுவான நிலை தெரிய ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் நாங்கள் பிடித்துக் குடித்தது முதல் ஐந்து நிமிடத் தண்ணீர்.

சரி என்று குளோரின் பார்க்கும் சிறிய கிட் ஒன்று வாங்கினேன். கிட்டில் உள்ள சிறு குப்பியில் 10 மில்லி தண்ணீர் எடுத்து, அதோடு வரும் டிபிடி மாத்திரையைப் போட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு ஏறும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் 0.5 இருந்தது. தெரு முனையில் 0.4. எங்கள் வீட்டில், முதல் தண்ணீரில், நிறமே ஏறவில்லை. தூரம் போகப் போகக் குளோரின் குறைவது இயல்பு. ஆனால் ஒரே தெருவுக்குள் 0.4 ஒன்றுமில்லாமல் போகிறது என்றால் நடுவில் ஏதோ அதைத் தின்கிறது. உள்ளே வந்த அழுக்குக்குச் செலவழிந்த குளோரின்தான் முதல் சாட்சி என்பதை அந்த நிறமேறாத தண்ணீரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஏழு நாள், திறந்த உடனேயும் அரை மணி கழித்தும் அளந்து, நேரத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு குடிநீர் அலுவலகம் போனேன். அங்கிருந்த குளோரின் பதிவேட்டில் எல்லா நாளும் ஒரே எண். எனக்கு வாக்கர்டன் நினைவுக்கு வந்து கை சில்லிட்டது. 2000 மே மாதம், கனடாவின் அந்தச் சிற்றூரில் பெருமழையில் மாட்டுச் சாணம் கிணற்று நீரில் கலந்தது. குளோரின் அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதி வைத்திருந்தார்கள். 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் அளவுக்கு நோயுற்றார்கள். இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. என் தாளை அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தேன். பொறியாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வால்வு திறக்கும்போதே மாதிரி எடுக்கச் சொல்றேன்," என்றார்.

இந்த முறை ஈ. கோலை இருந்தது. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாதது.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. சாக்கடையைக் குறுக்கே தாண்டும் ஒரு வீட்டு இணைப்பைத் தோண்டினார்கள். பழைய இரும்புக் குழாய், துரு ஏறி, விரலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. வால்வைத் திறக்கச் சொன்னார்கள்: குழாயின் அடிப்பக்கத்தில் கடுகளவு ஓட்டையிலிருந்து தண்ணீர் ஊசி போலப் பீய்ச்சியது. மூடச் சொன்னார்கள். பீய்ச்சல் தளர்ந்து நின்றது. சற்று நேரத்தில் குழிக்குள் ஊறி நின்ற கருந்தண்ணீர் அந்த ஓட்டையை நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது. அதன் மேல் மிதந்த ஒரு துரும்பு ஓட்டையருகே போய் ஒட்டிக்கொண்டது. என் மகள் குடித்தது இதைத்தான்.

அந்தக் குழாயைப் பிளாஸ்டிக் குழாயாக மாற்றி, சாக்கடைக்கு மேலே ஏற்றிப் போட்டார்கள். லைனைக் கழுவிவிட்டார்கள். வீட்டுத் தொட்டியை நாங்களே தேய்த்துக் கழுவி, 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஓர் இரவு விட்டு முழுவதையும் வடித்தோம். வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் அதோடு கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரிகளும் சுத்தமாக வந்த பிறகுதான் கொதிக்கவைப்பதை நிறுத்தினோம்.

திங்கட்கிழமை தோறும், வால்வைத் திறந்துவிட்டு அந்த அண்ணன் ஃபோன் செய்கிறார்: "இன்னிக்கு எவ்வளவு தம்பி?" இன்று காலை முதல் தண்ணீரில் 0.3.