நனைந்து வந்து அடை கிடப்பவள்

எங்கள் அடுப்படி மூலையில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கிற பெட்டி. உள்ளே இரண்டு 40 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேன், சூட்டைப் பார்த்து பல்பை அணைத்துப் போடும் ஒரு தெர்மோஸ்டாட். இதில் நாட்டுக்கோழி முட்டை வைத்து எனக்கு நல்ல பழக்கம். 37.5 டிகிரி, 21 நாள். பெரும்பாலும் சொன்ன நாளில் குஞ்சு வந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் கூஸ் முட்டையில் கை வைத்தேன்.

நெற்றியில் முண்டு வைத்த பெரிய வெள்ளை வாத்தைத்தான் இங்கே கூஸ் என்கிறோம். தெருப் பிள்ளைகள் அன்னம் என்பார்கள். சந்தையில் ஒரு ஜோடி வாங்கியிருந்தோம். மார்கழியில் பெண் கூஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டது. ஒவ்வொன்றும் 150 கிராம், மூன்று நாட்டுக்கோழி முட்டையின் கனம். ஆனால் அடை உட்கார மட்டும் அதற்கு மனம் வரவில்லை. இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். சரி, பெட்டி இருக்கிறதே என்று ஏழு முட்டையை எடுத்து வைத்தேன்.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை. மற்ற ஐந்திலும் சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் ஓடியிருந்தது. 25-ஆம் நாள் வரைக்கும் உள்ளே அசைவு தெரிந்தது. 30 நாள் ஆயிற்று, 32 ஆயிற்று, ஒரு கீறல்கூட இல்லை. 34-ஆம் நாள் கொல்லையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்தேன். ஐந்தும் முழுசாக வளர்ந்த குஞ்சு. அலகு, நகம், மஞ்சள் ரோமம் எல்லாம் இருந்தது. ஓட்டுக்கு உள்ளே இருக்கிற சவ்வு காய்ந்து தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிதான் கேட்டாள்: “ஏட்டி, அது குளிச்சிட்டு நனஞ்சில்லா வந்து அடை கெடக்கும். நீ முட்டைக்குத் தண்ணி காட்டினியா?”

எனக்கு அப்போது அது சரியாக விளங்கவில்லை. ஊருக்கு வெளியே குளத்தங்கரைத் தோப்பில் ஒருவர் கூஸ் வளர்க்கிறார். அங்கே ஒன்று அடை கிடப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு நாள் காலையில் போய்த் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கூடு முழுக்க அது தன் நெஞ்சில் பிடுங்கிப் போட்ட மெத்து இறகு. எழுந்திருக்கும்போது அந்த இறகை அலகால் இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் கிளம்பியது. நேரே குளத்துக்குப் போய்த் தலையை முக்கி முக்கிக் குளித்தது; கரையேறி அவசர அவசரமாகக் கொஞ்சம் புல் மேய்ந்தது. திரும்பும்போது வயிற்று இறகிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. அப்படியே ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்து, அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டியது. போய் வர மொத்தம் 18 நிமிடம். ஆண் கூஸ் அந்த நேரம் முழுக்க கழுத்தை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்துச் சீறியது.

அந்த 18 நிமிடமும் அந்த ஈரமும்தான் என் பெட்டியில் இல்லாதது.

அடுத்த ஈட்டில் ஆறு முட்டை. முதல் வாரம் தொந்தரவு செய்யவில்லை, புரட்டி மட்டும் வைத்தேன். ஒருபக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலில் போட்டு, நாளுக்கு ஐந்து தடவை. எட்டாம் நாளிலிருந்து தினமும் காலையில் மூடியைத் திறந்து 15 நிமிடம் ஆறவிட்டேன். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தால் சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்து மூடிவிடுவேன். முட்டையை எடையும் பார்த்துக்கொண்டேன். 152 கிராம் இருந்தது ஓடு உடைக்கிற சமயம் 132-க்கு வந்திருந்தது. இந்த அளவு குறைவதுதான் சரி. குறையாவிட்டால் உள்ளே காற்றறை போதாமல் குஞ்சு மூச்சுக்குத் திணறும். கடைசி மூன்று நாள் புரட்டுவதை நிறுத்திவிட்டு, ஈரத்துணியை உள்ளே வைத்து ஈரப்பதத்தை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றினேன்.

29-ஆம் நாள் ராத்திரி முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. நான் பேசினால் பதில் சொல்கிற மாதிரி ஒரு கீச்சு. விடிகிற நேரம் ஓட்டில் மிளகு அளவு ஒரு புடைப்பு. அதோடு சரி, நாள் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை. உரித்துவிடக் கை பரபரத்தது. உரிக்கவே கூடாது. சவ்வில் அப்போதும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் போயிருக்காது. பல் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 26 மணி நேரம் கழித்து முதல் குஞ்சு ஓட்டைச் சுற்றி வட்டமாக உடைத்து, மூடியைத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. ஒன்று கூமுட்டை, ஒன்று வரவில்லை.

காய்ந்ததும் சாக்கு விரித்த கூடைக்கு மாற்றினேன். செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்துவிடும். முதல் தீனி பொடியாக நறுக்கிய அருகம்புல்லும், தண்ணீரில் பிசைந்த கோழித் தீவனமும். கோழிக்குஞ்சைவிட இவற்றுக்கு நியாசின் என்கிற பி வைட்டமின் சத்து அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும். அதனால் தீவனத்தில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி கொஞ்சம் சேர்த்தேன். தண்ணீர்க் கிண்ணம் அலகும் மூக்கும் முங்குகிற ஆழம் இருக்க வேண்டும், முங்கி எடுத்துத்தான் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளும். ஆனால் தாயில்லாக் குஞ்சை ஆரம்பத்தில் நீந்த விட்டுவிடாதீர்கள். ரோமம் நனைந்து குளிர்ந்துபோனால், போய் ஒண்டிக்கொள்ள ஒரு வயிறு கிடையாது.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸின் வாத்துக்குஞ்சுகளைப் பற்றிப் படித்திருந்தேன். பொரித்ததும் கண்ணில் பட்டவரையே தாயென்று பற்றிக்கொள்ளும் என்பார். அந்த நான்கும் கொல்லைக்கும் கிணற்றடிக்கும் என் சேலை நுனியைப் பார்த்தபடியே வரிசையாக வந்தபோதுதான் அது எவ்வளவு பாரம் என்று தெரிந்தது. நான் கதவைச் சாத்தினால் நான்கும் சேர்ந்து கத்தும். மூன்று வாரத்துக்கு வெளியூர் ஒன்றுக்கும் போகவில்லை.

அந்த நான்கில் ஒரு பெண் கூஸ் இந்த வருடம் வைக்கோல் போருக்குப் பின்னால் தானே அடை உட்கார்ந்திருக்கிறது. ஐந்து முட்டை, இன்று 19-ஆம் நாள். அடை என்றால் என்ன என்று அதற்கு யாரும் காட்டியதில்லை. அது கண்ட தாய் நான்தான். இன்று காலை அது முட்டையை இறகால் மூடிவிட்டு எழுந்தது. கிணற்றடித் தொட்டியில் இறங்கிக் குளித்தது. பிறகு வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் காலருகே நடந்து போய் முட்டைமேல் உட்கார்ந்தது. திண்ணையிலிருந்து ஆச்சி, “பாத்தியா?” என்றாள்.