வாரிசுன்னா ஈஸியா?
நேத்து காட்பாடி ஸ்டேஷன் எதிர்ல டீ குடிச்சினு இருந்தேன், பக்கத்துல ரெண்டு பசங்க சண்டை, மியூசிக் டைரக்டர் வீட்டுப் புள்ளைங்கன்னா ஈஸியா மேல வந்துடுவாங்கன்னு ஒருத்தன், அப்டிலாம் இல்லபான்னு இன்னொருத்தன். நமக்கு வாய் சும்மா இருக்குமா, உள்ள பூந்துட்டேன்.

யுவன் 1997ல அரவிந்தன் படத்துல மியூசிக் டைரக்டரா வந்தப்ப 20 வயசு கூட ஆவல, இளையராஜா புள்ளைன்னு கதவு தொறந்துது சரி, ஆனா அப்பா மாதிரி போட்டா காப்பின்னாங்க, போடலன்னா அப்பா மாதிரி வருமான்னாங்க. கார்த்திக் ராஜாவும் அதே வீடுதான், எவ்ளோ நல்ல பாட்டு குடுத்தாரு, ஆனா அந்த அளவுக்கு பேர் வர்ல (எனக்கு இன்னிக்கும் அந்த வருத்தம் இருக்கு). அட, ரஹ்மானே மியூசிக் டைரக்டர் ஆர்.கே.சேகர் புள்ளதான்பா, 9 வயசுல அப்பாவ எழந்துட்டு, அவரு வச்சிருந்த இசைக்கருவிங்கள வாடகைக்கு வுட்டுதான் குடும்பம் ஓடுச்சு, அவர யாராவது வாரிசுன்றோமா? இப்போ ரீல்ஸ்ல புடிக்கலன்னா ரெண்டு செகண்ட்ல தள்ளி வுட்டுடறான், அப்பா யாருன்னு பாக்க அவனுக்கு எங்க டைம்னேன்.

அதுல ஒருத்தன் "இன்னாணா, எங்கப்பா பேண்டு செட்ல டிரம்ஸ் அடிக்கறாரு, அப்போ நானும் வாரிசா?"ன்னான்.

மூணு டீக்கும் நானே காசு குடுத்துட்டு வந்துட்டேன்.