பழைய ஃபோர்டு 8என் டிராக்டரில் கார்புரேட்டர் ஒழுகலை நிறுத்திய விதம்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு தோப்புக் கொட்டகையில் நிற்கும் ஃபோர்டு 8என் வண்டி இது. 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் செய்த மாடல். பெட்ரோல் இன்ஜின், நான்கு சிலிண்டர், 6 வோல்ட் பேட்டரி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் கொஞ்சம் உழவு, அப்புறம் டிரெய்லரில் தேங்காய், விறகு ஏற்றுவது. மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் வண்டியில்தான் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம், கெடும். இதில் இருப்பது மார்வெல்-ஷெப்ளர் டிஎஸ்எக்ஸ் வகை. காற்றும் பெட்ரோலும் கீழிருந்து மேலே ஏறும் அமைப்பு. இங்கிலாந்தில் செய்த பெர்குசன் வண்டிகளில் ஸ்டாண்டர்டு கம்பெனி இன்ஜினோடு ஜெனித் 24டி-2 வரும். பாகங்களின் வடிவம் மாறும், ஒழுகலைத் தேடும் முறை மாறாது.

ஒழுகுது என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். வெளிப்பக்கம் முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே தூவினோம். இன்ஜினை ஓட்டாமல் டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டாப்பை (குழாய்த் திருகை) மட்டும் திறந்து வைத்தால் பத்து நிமிஷத்தில் பொடி நனைந்து கோடு விழும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வேலை.

கோடு கீழ்த் தொட்டியும் மேல் பாகமும் சேரும் விளிம்பில் தொடங்கினால் கேஸ்கட். பெட்ரோல் குழாய் வந்து சேரும் முழங்கையில் என்றால் மரை. அடியில் இருக்கும் மெயின் ஜெட் திருகைச் சுற்றி ஈரம் என்றால் அதன் பேக்கிங். காற்று நுழையும் வாயின் அடியில் ஊசி முனை அளவு ஒரு சிறு துளை உண்டு. அதில் சொட்டினால் மேலே சொன்ன எதுவும் காரணம் இல்லை: உள்ளே பெட்ரோல் வரும் வழியை மூட வேண்டிய ஊசி அடைக்கவில்லை, தொட்டி நிரம்பி வழிகிறது. மிச்சப் பெட்ரோல் இன்ஜினுக்குள் போகாமல் தரையில் விழட்டும் என்றே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். சொட்டுகிறதே என்று அதை எம்-சீல் போட்டு அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் காற்றுக் குழாயில் தேங்கும், பின்வெடி வந்தால் தீப்பிடிக்கும். அடைக்கவே கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர்ந்த இன்ஜினை சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துளையில் சில சொட்டு விழுவது இயல்பு. வண்டி நிற்கும்போது தொடர்ந்து சொட்டுவதுதான் கோளாறு. இந்த வண்டியில் அதுதான்.

கழற்றுமுன் பேட்டரி. 8என் வண்டியில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இங்கே எல்லாரும் நெகட்டிவைக் கழற்றிப் பழகியவர்கள், அதனால் இதைக் கவனமாகச் சொல்கிறோம்: முதலில் கழற்ற வேண்டியது எர்த்தில் இருக்கும் பாசிட்டிவ். அடுத்து டாப்பை மூடி, தொட்டியின் அடியில் இருக்கும் வடி திருகைக் கழற்றி மிச்சத்தைத் தகர டப்பாவில் பிடியுங்கள். வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். நம் ஊர் வீட்டு வளவில் நடுமுற்றம் சுற்றுக்கட்டைவிடத் தாழ்ந்து இருக்கிறது, அங்கே வைத்து இதைச் செய்வது ஆபத்து. ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மேனிஃபோல்டில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட், திராட்டில் கம்பி, சோக் கம்பி, காற்றுக் குழாய், பெட்ரோல் குழாய், இவ்வளவுதான். கையில் வந்ததும் நான்கு திருகு கழற்றினால் இரண்டு பாதியாகப் பிரியும். நெம்ப வேண்டாம், மரச்சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் போதும். உள்ளே வென்சூரி வளையம் (காற்றுப் பாதையைக் குறுக்கும் வளையம்) ஒன்று தனியாக நிற்கும். அது நழுவி விழுந்து தொலைவது அடிக்கடி நடக்கும். பிரிக்கும்போதே அடியில் வெள்ளைத் துணி விரித்துவிடுங்கள்.

ஃப்ளோட்டைத்தான், அதாவது தொட்டியில் மிதந்து ஊசியை மூடும் மிதவையைத்தான், முதலில் சோதித்தோம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்டது. ஓட்டை சின்னதாக இருந்தால் சத்தம் கேட்காது, ஆகவே கேட்கவில்லை என்றாலும் நம்பாதீர்கள். கொதி நிலைக்குக் கொஞ்சம் கீழே சூடாக்கிய தண்ணீரில், அடுப்பிலிருந்து தள்ளிக் கொண்டுவந்த பாத்திரத்தில், ஃப்ளோட்டை முழுக்க அமுக்குங்கள். உள்ளே காற்று விரிந்து ஓட்டை வழியே குமிழ் விடும். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பித்தளை ஃப்ளோட்டை ஈயப்பற்று வைத்துச் சரி செய்யலாம், ஆனால் உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. மேல்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டு, வெந்நீரில் திரும்பத் திரும்பச் சூடாக்கி வடித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்த பிறகே பற்று. அதுவும் மின்சார சால்டரிங் இரும்பால் மட்டும், டார்ச் தீ வேண்டாம். ஈயம் குறைவாக இருக்க வேண்டும். எடை கூடிய ஃப்ளோட் ஆழமாக மிதக்கும், ஊசி தாமதமாக மூடும், மறுபடி நிரம்பி வழியும். புது ஃப்ளோட் கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள் என்பதே எங்கள் கருத்து.

ஊசியின் கூம்பில் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தது. நகத்தால் தொட்டால் பள்ளம் தட்டுப்பட்டது. அந்த அளவு தேய்ந்த ஊசி எந்தச் சீட்டிலும் (ஊசி உட்கார்ந்து அடைக்கும் துளையிலும்) அடைக்காது. பட்டறைகளில் வால்வு அரைக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும், பித்தளைச் சீட்டில் துகள் பதிந்து ஊசியைத் தின்னும். ஊசியும் சீட்டும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ரிப்பேர் கிட்டில் இரண்டும் சேர்ந்து வரும். சீட்டின் அடியில் வாஷர் ஒன்று உண்டு, பழையதை மறுபடி போட்டால் ஊசி நன்றாக அடைத்தாலும் அந்த வாஷர் வழியே பெட்ரோல் கசிந்து தொட்டி நிரம்பும். புது ஊசி போட்டும் ஒழுகல் நிற்காத வண்டிகளில் நாம் முதலில் பார்ப்பது இந்த வாஷரைத்தான்.

அடுத்தது ஃப்ளோட் மட்டம். மேல் பாதியைத் தலைகீழாகத் திருப்பி, புது கேஸ்கட்டை மேலே வையுங்கள். ஃப்ளோட் தன் எடையில் ஊசியின் மேல் உட்காரட்டும். கேஸ்கட்டுக்கும் ஃப்ளோட்டின் அருகு விளிம்புக்கும் இடைவெளி கால் அங்குலம், அதாவது சுமார் 6.35 மில்லிமீட்டர். கால் அங்குல டிரில் பிட்டின் தண்டை இடையில் நுழைத்துப் பாருங்கள், ஸ்கேலைவிட இது துல்லியம். ஃப்ளோட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மாற்றம் தேவைப்பட்டால் ஊசியைத் தொடும் சின்ன நாக்கை மூக்கு பிளையரால் பிடித்து வளைக்க வேண்டும். ஃப்ளோட்டையே கையால் அழுத்தி வளைத்தால் ஊசியின் முனை நசுங்கிவிடும்.

கேஸ்கட்டில் சிலிக்கான் பசை தடவும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பெட்ரோல் பட்டால் அது ஊதி, துணுக்காகப் பிய்ந்து ஜெட்டில் போய் உட்காரும். வண்டி இழுவை இல்லாமல் திணறும், காரணம் புரியாது. நல்ல கேஸ்கட் தாளில் வெட்டி, உலர்ந்தபடியே போடுங்கள். விளிம்பு சமமாக இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் 400 எமரி வைத்துச் சில முறை தேய்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். முழங்கை மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் இதே தொல்லைதான்: அதன் நார் ஒன்று ஊசியில் மாட்டினால் போதும். மரையைச் சுத்தம் செய்து, அளவாக இறுக்குங்கள். வார்ப்பிரும்பு காது விரிசல் விட்டால் பாகமே போச்சு.

பூட்டி வண்டியில் மாட்டுமுன் மேசையிலேயே சோதிப்பது நல்லது. பெட்ரோல் ஊற்றிய பாட்டிலை டேங்க் இருக்கும் உயரத்தில் தொங்கவிட்டு, ரப்பர் குழாயை முழங்கையில் மாட்டி அரை மணி நேரம் விட்டோம். சொட்டு இல்லை என்றால் மாட்டலாம்.

இத்தோடு விட்டால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும். ஊசி தேய்ந்ததற்கும் அடைக்காததற்கும் காரணம் டேங்க் துரு. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பாதி டேங்க் வைத்து நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். அதோடு பழைய டேங்கின் பிசினையும் கரைத்து, அடியில் ஒட்டியிருந்த துருவைக் கிளப்பிவிடும். அந்தத் துகள் ஒன்று ஊசிக்கும் சீட்டுக்கும் இடையில் நின்றால் புது ஊசியும் ஒழுகும்.

டேங்கைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, பெட்ரோல் வாசம் அறவே போன பிறகு மின்பகுப்பு முறையில் துரு எடுத்தோம். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கும் காரைக்குடிப் பக்கத்தில் இந்த முறை யாருக்கும் புதிதில்லை. நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்கில், பாசிட்டிவ் உள்ளே தொங்கும் சாதா இரும்புக் கம்பியில். கம்பி டேங்கைத் தொடக் கூடாது. எவர்சில்வர் கம்பி போட்டால் நச்சு குரோமியம் தண்ணீரில் இறங்கும், அதை எடுக்காதீர்கள். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில் வைத்து, சார்ஜரை அணைத்த பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். கழுவியதும் உடனே உலர்த்தி, கொஞ்சம் டீசல் ஊற்றி உள்ளே எல்லாப் பக்கமும் புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் அன்றே மறுபடி துரு பிடிக்கும். பெட்ரோல் ஊற்றுமுன் அதை வடித்துவிடுங்கள்.

வடிகட்டி வலை மூன்று இடத்தில் உண்டு: டேங்க் உள்ளே டாப்பின் தலையில், கண்ணாடிக் கிண்ணத்தின் மேலே, கார்புரேட்டர் முழங்கையில். மூன்றையும் பார்த்த பிறகு ஓட்டத்தை அளந்தோம். வடி திருகைக் கழற்றி டாப்பைத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் அரை லிட்டருக்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் எங்கோ அடைப்பு இருக்கிறது. டாப்பை இரண்டு சுற்று திறந்தால் மெயின், அதற்கு மேல் முழுக்கத் திறந்தால் ரிசர்வ். ரிசர்வ் டேங்கின் அடியிலிருந்து எடுக்கும், அடி அழுக்கும் சேர்ந்து வரும். அன்றாடம் இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள்.

மாட்டியதும் ஐடில் திருகை (இன்ஜின் மெதுவாக ஓடும்போது கலவையைச் சரிசெய்வது) மெல்ல உட்காரவிட்டு ஒரு சுற்று திறந்தோம், மெயின் ஜெட்டை ஒன்றேகால் சுற்று. இறுக்கி உட்காரவிட்டால் முனை நசுங்கும். இன்ஜின் சூடான பிறகு சீராக ஓடும் இடத்துக்குக் கால் சுற்றாகத் திருத்திக்கொள்ளலாம். வேலை முடிந்து நிறுத்தும்போது இன்ஜினை அணைக்காமல் டாப்பை மூடி, தொட்டிப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கவிடுங்கள், நின்றதும் சாவியை அணைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் வடி திருகையும் கழற்றி மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.